பிராவோ டெல்டா

2007 ஆகஸ்ட், இரண்டாவது சனிக்கிழமை. கம்பெனி வேன் வருவதற்கு முன்பே ஜெபகுமார் வந்து கூட்ட அறையில் உட்கார்ந்திருந்தான். அவனை வேனில் ஏற்ற வேண்டாம் என்று டிரைவருக்குச் சொல்லியிருந்தார்கள். செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வந்து, ஊருக்கு வெளியே கடலைப் பார்த்திருந்த ஓட்டலுக்கு வெயிலில் நடந்து வந்திருந்தான். முதுகில் சட்டை ஒட்டியிருந்தது. அவன் உட்கார்ந்திருந்தது மேஜையின் தலைப்பக்கத்து நாற்காலி. அது குழுவின் தலைவருடையது. தலைவர் சியாமளா.

அவள் வாசலில் நின்றாள்.

“உக்காருங்க மேடம். ஏழு சேரு காலியாதான் கீது.”

அவள் பக்கவாட்டில் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அணுபுரத்தில் அப்பாவின் குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்கூட்டியில் வந்திருந்தாள். தலைமுடியில் மணல் இருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஓட்டல் ஆள் ஒருவன் நீச்சல்குளத்தில் விழுந்த இலைகளை வலையால் அள்ளிக்கொண்டிருந்தான். வேன் வந்து நின்றது. மற்ற ஆறு பேரும் உள்ளே வந்தார்கள். ஜெபகுமார் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பதைப் பார்த்தார்கள். ஸ்ரீதேவி மட்டும் கடைசியில் வந்து, மேஜையின் கோடியில், இருபக்கமும் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். இரண்டு மாதமாக அவளுக்கு அது பழகியிருந்தது.

கம்பெனிக்கு ஆறு விமானங்கள். புதிய விமானக் கம்பெனிகள் வரிசையாக முளைத்து ஆட்களை இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. இருப்பவர்களைப் பிடித்துவைக்க நிர்வாகம் செய்த ஏற்பாடுகளில் ஒன்று இளையோர் ஆலோசனைக் குழு. ஜூனியர் போர்டு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். முப்பத்திரண்டு வயதுக்கு உட்பட்ட எட்டுப் பேர். இன்ஜினியர், டெக்னீஷியன்கள், துணை விமானி, செக்-இன் கவுன்டர், அலுவலகம் என்று எல்லாப் பிரிவிலிருந்தும். நான்கு மாதத்துக்கு ஒருமுறை கடற்கரை ஓட்டலில் கூட்டம், மீன் வறுவலோடு சாப்பாடு, நிர்வாகத்துக்குச் சில பரிந்துரைகள். விடியற்காலை ஷிப்டுக்குக் கேன்டீனில் சூடாக இட்லி கிடைத்தது இந்தக் குழுவால். சிங்கப்பெருமாள்கோயிலில் வேன் நிற்க ஆரம்பித்ததும் இதனால்தான். பெரிய விஷயங்கள் பரிசீலனையில் இருந்தன. கம்பெனிப் பத்திரிகையில் எட்டுப் பேரும் வரிசையாக நின்று சிரிக்கும் படம் வந்தது. ஜெபகுமாரின் வீட்டில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

கூட்டத்தின் முதல் பகுதிக்கு மூடிய அமர்வு என்று பெயர். அதைக் கொண்டுவந்தது சியாமளா. எல்லோரும் செல்போனை ஒரு தட்டில் போட்டு அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். நிர்வாகத்தின் பார்வையாளராக வரும் பாஷ்யம் லாபியில் காத்திருக்க வேண்டும். ஒவ்வொருவரும் தான் வேலையில் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். சொன்னவர் பெயர் கதவைத் தாண்டாது. இதற்கு அவள் சொன்ன காரணத்தை யாரும் மறுக்கவில்லை. ஒருவன் மறைக்கும் தவற்றைத்தான் அடுத்தவன் செய்கிறான். விமானத் தொழிலில் அது தெரியாதவர்கள் கிடையாது. முதல் கூட்டத்தில் எல்லோரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது கூட்டத்தில் நேரம் போதவில்லை.

ஏப்ரல் கூட்டத்தில் ஜெபகுமார் டயரைப் பற்றிச் சொன்னான். நாளின் முதல் பயணத்துக்கு முன் விமானத்தின் டயர்களில் காற்றழுத்தத்தைக் கேஜ் வைத்து அளக்க வேண்டும். பிப்ரவரியில் ஒரு விடியலில் அவன் கையில் கேஜ் இல்லை. இருந்த இரண்டில் ஒன்று சரிபார்ப்புக்காக வெளியே போயிருந்தது. இன்னொன்று தள்ளி நின்ற விமானத்தில் வேலை செய்தவர்களிடம் இருந்தது. நான்கு விமானங்கள் அடுத்தடுத்துக் கிளம்ப வேண்டும். அவன் டயர்களைக் கண்ணால் பார்த்தான். ஷூவால் உதைத்தான். அளந்ததாக முத்திரை குத்தினான். விமானம் ஹைதராபாத் போய்த் திரும்பியது. டயர் சூடு ஆறியபின் கேஜை வாங்கி அளந்தான். ஒன்றில் இருக்க வேண்டியதைவிட நன்றாகக் குறைந்திருந்தது. காற்று நிரப்பிவிட்டு, அதையும் எழுதாமல் விட்டான். பிராவோ டெல்டாவில் நடந்தது என்றான். சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவன் முடிக்கும்போது சிரிக்கவில்லை.

பிராவோ டெல்டா என்பது அந்த விமானத்தின் பதிவெண்ணில் கடைசி இரண்டு எழுத்துகள். வால்பக்கம் பெரிதாக எழுதியிருக்கும். ஹேங்கரில் வேலை செய்கிறவர்கள் அந்த எழுத்துகளைச் சொல்லாமல் ஒரு வேலையைப் பற்றிப் பேச மாட்டார்கள். சக்கரம் மாற்றினேன் என்றால் எதில் என்றுதான் முதல் கேள்வி வரும். பதில் யோசிக்காமல் வரும். பெயரைக் கேட்டால் சொல்வது மாதிரி.

ஜூனில் சியாமளா நிர்வாகத்தின் முன்னால் பரிந்துரைகளை வைத்தாள். இன்னும் இரண்டு கேஜ் வேண்டும், விடியற்காலை ஷிப்டுக்கு இன்னும் ஓர் ஆள் வேண்டும். ஏன் என்று கேட்டதற்கு, பெயரில்லாமல், தேதியில்லாமல், கேஜ் இல்லாத ஒரு விடியலைப் பற்றிச் சொன்னாள். இன்ஜினியரிங் பிரிவின் துணைத் தலைவர் பாஷ்யம் கேட்டுக்கொண்டிருந்தார். நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு, பையில் மூடாத பேனா. அவரும் இருபது வருடம் விமானத்துக்கு அடியில் நின்றவர். “எந்த மெஷின்?” என்றார். “பிராவோ டெல்டா” என்றாள். அவர் அதைக் குறித்துக்கொள்ளக்கூட இல்லை. கேஜ் வாங்கலாம், ஆள் பற்றி யோசிப்போம் என்றார். அடுத்த வாரம் பிராவோ டெல்டாவின் பழைய பதிவுகளை எடுத்து வரச்சொன்னார். கேஜ் வெளியே போயிருந்த நாட்களோடு ஒப்பிட்டால் ஒரே ஒரு விடியல்தான் மிஞ்சியது.

ஜெபகுமாரின் முத்திரையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது இல்லாமல் ஒரு டெக்னீஷியன் விமானத்தில் கை வைக்க முடியாது. விசாரணையில் அவன் அளந்தேன் என்றான். பதிவும் அளந்ததாகத்தான் சொன்னது. அவன் அளக்கவில்லை என்பதற்கு உலகத்தில் ஒரே சாட்சி, அவன் மூடிய அறையில் ஏழு பேரிடம் சொன்னது. அந்த ஏழு பேரும் அதை உறுதிசெய்ய வேண்டும் என்று பாஷ்யம் எதிர்பார்த்தார். ஆகஸ்ட் கூட்டத்தில் அது ஒன்றுதான் வேலை.

யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று பேச்சு எழுந்தது. ஸ்ரீதேவி பணியாளர் பிரிவில் இருப்பவள். பாஷ்யத்தின் அறைக்கு இரண்டு கதவு தள்ளி அவள் மேஜை. வேறு யாரைச் சந்தேகப்படுவது. வேனில் அவள் பக்கத்தில் உட்காருவதை நிறுத்தினார்கள். கேன்டீனில் அவள் வந்தால் பேச்சு நின்றது. சியாமளா எதையும் ஆரம்பிக்கவில்லை. யாரையும் தடுக்கவும் இல்லை.

பதிவில் இரண்டு அடையாளங்கள் இருந்தன. டயருக்கு எதிரே ஜெபகுமாரின் முத்திரை. கடைசியில், விமானம் பறக்கத் தகுதியானது என்பதற்குச் சியாமளாவின் கையெழுத்து. அந்த ஷிப்டின் இன்ஜினியர் அவள். பாஷ்யம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார். டெக்னீஷியனின் முத்திரையை நம்பித்தான் இன்ஜினியர் கையெழுத்துப் போடுகிறார், அவன் ஏமாற்றினால் அவள் என்ன செய்வாள் என்றார். லைசன்ஸ் உள்ள இன்ஜினியர்கள் கிடைப்பது கஷ்டம் என்பதைச் சொல்லவில்லை. அது இருவருக்கும் தெரியும். அக்டோபரில் உனக்கு முப்பத்திரண்டு ஆகிறது, ஜூனியர் போர்டிலிருந்து போக வேண்டும், சீனியர் தொழில்நுட்பக் குழுவில் ஓர் இடம் இருக்கிறது என்றார். அவள் நன்றி சொன்னாள்.

முந்தின நாள் சாயங்காலம் அப்பாவிடம் இதைப் பாதியாகச் சொல்லியிருந்தாள். ரவிச்சந்திரன் அணுமின் நிலையத்தில் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர். அறை, வாக்குறுதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, செய்தித்தாளை மடக்காமலே பேசினார்.

“டயரை அளக்கலன்னு ஒருத்தன் சொன்னதும் நீ அன்னைக்கே மேல எழுதியிருக்கணும். இது என்ன, பாவ மன்னிப்பா?”

“எழுதினா அப்புறம் யாரும் சொல்ல மாட்டாங்கப்பா.”

“சொல்லாட்டிப் போறான். யாரோட ஷிப்ட்?”

“என்னோடது. ஆனா அவன் ஸ்டாம்ப் போட்டிருந்தான்.”

“அப்ப உனக்கென்ன” என்று பேப்பரைத் திருப்பினார்.

பாஷ்யம் சொன்னதையே அவரும் சொன்னார். இருவரிடமும் அவள் ஒன்றைச் சொல்லவில்லை. அன்று விடியலில் வாக்கி-டாக்கியில் அவன் கூப்பிட்டான். கேஜ் இல்லை மேடம், அந்தப் பக்கம் போயிருக்கிறது, வர இருபது நிமிஷம் ஆகும் என்றான். அவள் வேறொரு விமானத்தின் இறக்கைக்கு அடியில் நின்றிருந்தாள். பயணிகள் பஸ் பிராவோ டெல்டாவை நோக்கி வந்துகொண்டிருப்பது தெரிந்தது. “டிபார்ச்சர் நிக்குது ஜெபகுமார்” என்றாள். அவ்வளவுதான். இரைச்சலுக்கு நடுவே, சரி மேடம் என்றான். பத்து நிமிஷத்தில் அவன் பதிவுப் புத்தகத்தை நீட்டினான். முத்திரையின் மை காய்ந்திருக்கவில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள். கேஜ் வந்ததா என்று கேட்கவில்லை.

கூட்ட அறையில் போன்களைத் தட்டில் வாங்கி வெளியே வைத்தார்கள். கதவு மூடியது.

“இன்னா ஸ்ரீதேவி, எல்லாத்தையும் வெளிய வெச்சிட்டியா? இல்ல ஜாக்கெட்டுல எதுனா மைக்கு கிக்கு கீதா?” என்றான் ஜெபகுமார்.

இரண்டு பேர் சிரித்தார்கள். ஸ்ரீதேவி பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினாள். “நான் யார்கிட்டயும் சொல்லல. எத்தனை வாட்டி சொல்றது” என்றாள். குரல் உயரவில்லை. நம்புவார்கள் என்று எதிர்பார்த்துச் சொன்ன மாதிரியும் இல்லை.

சியாமளா அவர்களை நிறுத்தினாள். இன்று முடிவுசெய்ய வேண்டியது ஒன்றுதான் என்றாள். பாஷ்யம் வந்து கேட்பார். எட்டுப் பேரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். இந்த அறையில் பேசியதை வெளியில் சொல்வதில்லை என்பதே அந்தப் பதிலாக இருக்க வேண்டும். ஜெபகுமார் செய்தது சரி என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்குக் கதவைத் திறந்துவிட்டால் அடுத்த கூட்டத்தில் எல்லோரும் இட்லியைப் பற்றித்தான் பேசுவார்கள். அவள் இதை நன்றாகச் சொன்னாள். சொல்லும்போது தன் குரலைத் தானே கேட்டாள். அதில் குறை எதுவும் தெரியவில்லை.

“பேச வேணாமே” என்றான் அபிஷேக். துணை விமானி. முட்டுக்காட்டுப் பக்கம் அவன் அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறவன். ஏப்ரலுக்குப் பிறகு அவன் ஜெபகுமாரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. “யாரும் எதையும் பேச வேணாம். ஒழுங்கா அளந்தா போதும்.”

“அளக்கறதுக்கு எதுனா குடுத்தாதான அளக்கறது.”

“ஏப்ரல்ல நீ சொன்னதும் வீட்டுக்குப் போய் என் லாக்புக்கைப் பார்த்தேன். அன்னைக்கு பிராவோ டெல்டால ரைட் சீட்ல நான்தான். ஹைதராபாத்ல இறங்கும்போது காலம் தப்பின மழை, ரன்வே ஈரம். பின்னாடி நூத்தம்பது பேரு.” அபிஷேக் மேஜையில் இரு கைகளையும் விரித்து வைத்திருந்தான். “ஷூவால உதைச்சா உனக்கு பிரஷர் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்புறம் எதுக்குடா உதைச்ச?”

ஜெபகுமார் யோசித்தான். “சும்மா நிக்க முடியல” என்றான்.

அபிஷேக் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். எழுந்து போய்விடுவான் என்று சியாமளா நினைத்தாள். அவன் போகவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். கரையில் இரண்டு படகுகளை இழுத்துப் போட்டிருந்தார்கள். அவற்றின் நிழலில் நாய் ஒன்று படுத்திருந்தது. அவள் ஒவ்வொருவராகக் கேட்டாள். டெக்னீஷியன்கள் இருவரும் உடனே தலையாட்டினார்கள். கவுன்டர் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சரி என்றார்கள். ஸ்ரீதேவி சரி என்றாள். என்ன சொன்னாலும் தன்னை நம்பப்போவதில்லை என்பதால் சொல்வது அவளுக்குச் சுலபமாக இருந்தது. கடைசியாக அபிஷேக்.

“சரி. ஆனா இவனுக்காக இல்ல.”

“வேற யாருக்கு?” என்றான் ஜெபகுமார்.

“மூடு.”

சியாமளா கதவைத் திறந்து பாஷ்யத்தைக் கூப்பிட்டாள். அவர் லாபியிலிருந்து ஒரு டீ கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டே வந்தார். ஜெபகுமார் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்துச் சின்னதாகப் புன்னகைத்தார். சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்றார். இது யாரையும் தண்டிப்பதற்காக இல்லை, பதிவு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். பிறகு, ஏப்ரலில் இந்தப் பையன் இங்கே என்ன சொன்னான் என்று கேட்டார்.

“இந்த ரூம்ல பேசினதை நாங்க வெளில சொல்றதில்ல சார். எல்லாரும் சேந்து எடுத்த முடிவு” என்றாள் சியாமளா.

பாஷ்யம் டீயைக் குடித்தார். கோபப்பட்ட மாதிரி தெரியவில்லை. உண்மையிலேயே புரியாதவர் போல அவளைப் பார்த்தார்.

“நீதானேம்மா சொன்னே? ஜூன்ல. நான் எந்த மெஷின்னு கேட்டேன், நீ பிராவோ டெல்டான்னே.”

அவர் கோப்பையை மேஜையில் வைத்தார். சாப்பாடு தயாராகிவிட்டது, சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அதற்குள் யோசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கதவை மெதுவாக மூடிக்கொண்டு போனார்.

யாரும் சியாமளாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் ஏதாவது சொல்லியிருப்பாள். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். டெக்னீஷியன் ஒருவன் வாசலில் நின்று இன்னொருவனிடம் ஏதோ சொன்னான். அவன், விடு மச்சான் என்றான். ஸ்ரீதேவி தன் பேனாவையும் தாள்களையும் பைக்குள் வைத்தாள். ஜிப்பை மூடினாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு சியாமளாவிடம் வந்தாள்.

“ரெண்டு மாசம் மேடம். வேன்ல என் பக்கத்துல யாருமே உக்காரல. நீங்களும் உக்காரல.”

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

சாப்பாட்டு மேஜைகளைப் புல்தரையில் போட்டிருந்தார்கள். மீன் வறுவல் வாசனை வந்தது. சியாமளா அந்தப் பக்கம் போகவில்லை. மணலில் இறங்கினாள். மதிய வெயில் செருப்பைத் தாண்டிச் சுட்டது. தெற்கே கடற்கரைக் கோயிலின் கோபுரம் சிறிதாகத் தெரிந்தது. பின்னால் காலடி கேட்டது. ஜெபகுமார் கையில் ஒரு தட்டோடு வந்துகொண்டிருந்தான். நின்றபடி சாப்பிட்டான். பசித்தவன் சாப்பிடுகிற மாதிரி வேகமாகச் சாப்பிட்டான். காலையில் எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டான்.

“மெஷின் பேரு வாய்ல வந்துடும். எனுக்கும் வரும். அத வுடு” என்றான். அவளை இதுவரை அவன் நீ என்று பேசியதில்லை. “அன்னிக்கி காலைல வாக்கில இன்னா சொன்ன? ஞாபகம் கீதா?”

“இருக்கு.”

“நானு எங்கயும் சொல்லல. இன்கொயரில சொல்லல. ஏப்ரல்ல உள்ள பேசுனப்பகூட ஷிப்டு இன்ஜினியரு யாருன்னு சொல்லல. ஏன்னு கேளு.”

அவள் கேட்கவில்லை.

“நீயே சொல்லுவன்னு பாத்தேன். எனுக்கு அப்பறம் உன் டர்னு. ஆமாப்பா, கேஜ் இல்லன்னு தெரியும், நான்தான் தொரத்துனேன்னு சொல்லுவன்னு பாத்துகினே இருந்தேன். நீ இன்னா சொன்ன? எங்கியோ டார்ச் லைட்ட மறந்து வெச்சிட்டு வந்தேன்னு சொன்ன.” அவன் மீன் முள்ளை மணலில் துப்பினான். “எல்லாரும் கை தட்னாங்க.”

“சொன்னா லைசன்ஸ் போயிடும் ஜெபகுமார்.”

“எனுக்கு ஸ்டாம்பு. அது இல்லன்னா மறைமலைநகர்ல கம்பெனி பஸ்ஸுக்கு லைன்ல நிக்கணும். போல்ட்டு முடுக்கணும். நிப்பேன், இன்னா இப்போ. எங்கப்பன் நின்னாரு.” தட்டைப் பார்த்தான். “நீ ஒரு வார்த்த சொன்னா, கேஜ் இல்லாம அனுப்ச்சது கம்பெனின்னு ஆவும். நீ சொல்லலன்னா நான் ஒருத்தன் திருடன்னு ஆவும். அவ்ளோதான் கணக்கு.”

அவள் கடலைப் பார்த்தாள். ஒரு வெளிநாட்டுக்காரி அலையில் நின்று கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். லைசன்ஸ் வாங்க அவளுக்கு ஏழு வருடம் ஆனது. தேர்வுத் தாள்கள் ஒவ்வொன்றும் நினைவிருந்தது. விடுதி அறையில் சேர்ந்து படித்த மூன்று பெண்களில் அவள் மட்டும்தான் தேறினாள். ஹேங்கரில் முதல் நாள் யாரோ அவளை டீ கொண்டுவரச் சொன்னார்கள். இதையெல்லாம் இவனிடம் சொல்ல முடியாது. சொன்னால், சரி, அதனால் என்ன என்பான். அவள் இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும் என்று சொல்ல நினைத்தாள். அவன் தட்டோடு திரும்பி நடந்துகொண்டிருந்தான். அன்று இருபது நிமிஷம் கேட்டவனிடம் நேரத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பது அப்போது தோன்றியது.

மதியம் எல்லோரும் உள்ளே வந்தார்கள். யாரும் பழைய இடத்தில் உட்காரவில்லை. கவுன்டர் பெண்களில் ஒருத்தி ஸ்ரீதேவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஸ்ரீதேவி நகர்ந்து கொடுக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. பாஷ்யம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தேதி எழுதினார். சியாமளா பக்கம் திரும்பினார். முகத்தில் பொறுமை இருந்தது. அவளை ஏற்கெனவே மன்னித்துவிட்டவர் போல இருந்தார்.

“சொல்லும்மா.”

அவள் வாயைத் திறந்தாள். என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அதற்குள் ஜெபகுமார் பேசிவிட்டான்.

“அவங்கள எதுக்கு சார் கேக்கறீங்க. நானே சொல்றேன். அளக்கல. அளந்தேன்னு ஸ்டாம்பு குத்துனேன். ஏப்ரல்ல இங்க சொன்னதும் நான்தான். எழுதிக்கங்க.”

பாஷ்யம் எழுதினார். அவன் சொன்னதைவிட நீளமாக எழுதினார். பேனா தாளில் உரசும் சத்தம் கேட்டது. நல்லது, தைரியமாகச் சொன்னாய், இதைக் கவனத்தில் எடுத்துக்கொள்வார்கள் என்றார். தாளை அவன் பக்கம் நகர்த்தினார். ஜெபகுமார் கையெழுத்துப் போடவில்லை.

“கேஜ் இல்லன்னு வாக்கில சொன்னேன் சார். அப்பவே சொன்னேன். அதையும் எழுதுங்க.”

பாஷ்யம் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பேனாவை மூடினார். பல வருடமாக மூடாமல் பையில் வைத்திருந்த பேனா. மூடியைத் தேடி மற்றொரு பையில் கையை விட வேண்டியிருந்தது. அதெல்லாம் ஆபீஸில் பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்கு இது போதும் என்றார். யாரிடம் சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை. இருபது வருடம் விமானத்துக்கு அடியில் நின்றவர் அவர். விடியலில் ஒரு டெக்னீஷியன் வாக்கியில் யாரைக் கூப்பிடுவான் என்பது அவருக்குத் தெரியும். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. டெக்னீஷியன் ஒருவன் கதவுக்கு வெளியே போய்ப் போன் தட்டை எடுத்து வந்தான். அதில் யாருடைய போனோ அதிர்ந்துகொண்டிருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

வெளியே வெயில் சற்றுச் சாய்ந்திருந்தது. கரையில் நாலைந்து பேர் தோள்கொடுத்துப் படகு ஒன்றைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அலை வரும்போது நின்றார்கள். அலை திரும்பும்போது தள்ளினார்கள். கண்ணாடி வழியாகச் சத்தம் எதுவும் வரவில்லை.

அபிஷேக் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவன் ஜெபகுமாரைப் பார்க்கவில்லை. பாஷ்யத்தையும் பார்க்கவில்லை.

“வாக்கில அந்தப் பக்கம் யாரு இருந்தாங்க, மேடம்?”